ஆறு வால்வுப் பெட்டி

அவரை முதல் தடவை பார்க்கிறவர்கள், பாவம், ஒரு கை விளங்காதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடி மெஷின் ரூமில் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்துவைத்து வேலை செய்யும்போது வலது கை மட்டும்தான் வெளியே தெரியும். இடது கை பேண்ட்டின் பின்பாக்கெட்டில் குடியிருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் ஒத்தைக்கை என்று பேர் வைத்தார்கள். நாளாவட்டத்தில் மேனேஜரே போனில், "ஒத்தைக்கை சும்மா இருந்தா அனுப்பு" என்று சொல்லுமளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

கை பாக்கெட்டுக்குள் போனதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு ஜோடியாகப் போய்வந்த ஒருவர், கண்ணெதிரிலேயே கரண்டில் மாட்டிக்கொண்டார். ஒரு கை பெட்டிக்குள்ளே, மறு கை பெட்டியின் இரும்புக் கதவில். அப்படி மாட்டினால் மனுஷன் அலறுவான் என்றுதான் அதுவரை இவர் நினைத்திருந்தார். அலறல் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. கண் இவரையே பார்த்தது. ஓடிப்போய் மெயினை இறக்கியதும் அந்த ஆள் மூட்டை சரிவது போலச் சரிந்தார். உயிர் தப்பிவிட்டது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அதற்குப் பிறகு அவர் இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். ஒரு கை வழியாகப் புகுந்த கரண்ட் மறு கை வழியாக வெளியேறினால் நடுவில் இருப்பது நெஞ்சு. அந்த வழியை அடைத்துவிட வேண்டும் என்று ஒத்தைக்கை அன்றே முடிவுசெய்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய மனைவி, தனக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் கையில் நரம்பைத் தேடி ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. கல்லூரியில் படித்த காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறாள். தடித்த நான்கு கம்பிகள் கொண்ட கிட்டார். காதில் கேட்பதைவிடக் காலிலும் வயிற்றிலும்தான் அதிகம் கேட்கும். கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆன பிறகு கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. மகன் படிக்க வெளியூர் விடுதிக்குப் போன வருஷம் அவளுடைய தம்பி வந்து அதை இறக்கினான். அவன் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். அவர்களுடைய பேஸ்காரர் வேலை மாற்றலாகிப் போய்விட, அக்காவை விட்டால் வேறு ஆளில்லை என்று கையோடு இழுத்துப் போனான்.

அவளிடம் இருந்தது சின்ன ஆம்ப்ளிஃபையர். தம்பி டிரம்ஸில் கை வைத்தால் போதும், அதன் சத்தம் காணாமல் போய்விடும். "நான் வாசிக்கிறேனான்னு எனக்கே தெரியலைங்க. போய்க் கம்பியைத் தடவிட்டு வர்றேன், அவ்வளவுதான்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். பிறகு, படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை பெரிய வால்வு ஆம்ப்ளிஃபையரில் வாசித்ததைப் பற்றிச் சொன்னாள். தரை தன் பேச்சைக் கேட்டது போல இருந்ததாம்.

ஒத்தைக்கை முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டுமே என்று சர்க்யூட் வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்க்க உட்கார்ந்தார். பார்க்க ஆரம்பித்தவர் சொல்ல வந்ததை மறந்துபோனார். அவ்வளவு அழகாக இருந்தது அது. பழைய ரேடியோவில் எரியுமே, அதுபோன்ற பெரிய கண்ணாடி வால்வுகள் ஆறு, மூன்று ஒரு பக்கம், மூன்று மறுபக்கம், தள்ளுவதும் இழுப்பதுமாக முந்நூறு வாட் சக்தியை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். ஆனால் அந்த வால்வுகளுக்குக் கொடுக்க வேண்டியது எழுநூறு வோல்ட். அதுவும் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும் கரண்ட். பிளக்கைப் பிடுங்கி எறிந்தாலும் தன்பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும், தொடுகிறவனுக்காக. லிஃப்ட் பெட்டிகளில்கூட அவர் இத்தனை வோல்ட்டைப் பார்த்ததில்லை.

அவளிடம் அதைச் சொன்னார். அவள், நீங்கள் தினமும் பார்க்காத கரண்டா என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள். பார்க்கிறவனுக்குத்தானே பயம் தெரியும் என்று சொல்ல நினைத்தார்.

டிரான்ஸ்ஃபார்மர்களை மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் சொல்லிச் செய்தார். ஒவ்வொன்றும் தூக்கினால் இடுப்பைப் பிடிக்கும் கனம். வால்வுகள் பஞ்சு சுற்றிய அட்டைப் பெட்டியில் கூரியரில் வந்தன. அலுமினியத் தகட்டை வளைத்து, ஓட்டை போட்டு, மகனுடைய அறையில் அவன் படித்த மேஜை மேலேயே வேலையை ஆரம்பித்தார். விடுமுறை நாட்களில் மட்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும். தூக்கக் கலக்கத்தில் தொடுகிற வேலை இல்லை அது.

எழுநூறு வோல்ட்டைவிட அவரை அதிகம் வதைத்தது வேறொன்று. கிட்டாரின் கம்பிகள் இரும்பு. அவை வயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் தகட்டோடு சேர்ந்திருக்கின்றன. தகடு, பிளக்கின் எர்த் வழியாகச் சுவரில் இருக்கும் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அந்த எர்த் எங்கேயாவது விட்டுப்போய், உள்ளே ஏதாவது ஒரு வயர் தகட்டில் பட்டுவிட்டால், கரண்ட் நேராகக் கம்பிக்கு வரும். அந்தக் கம்பியில் அவளுடைய இரண்டு கையும் இருக்கும். எர்த் வயரை மற்றவர்கள் ஒரு திருகில் முறுக்கிவிட்டுப் போவார்கள். அவர் தகட்டைப் பெயிண்ட் போகச் சுரண்டி, தனி போல்ட் வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, அதற்குத் துணையாக இன்னொரு வயரும் இழுத்து ஈயம் வைத்தார். பிறகு அந்த வயரைப் பிடித்துத் தன் முழு பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார். தகடு நகர்ந்தது, வயர் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வால்வுகளைச் செருகாமல், மின்சாரப் பகுதியை மட்டும் முதல் தடவை ஓடவிட்டார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் எரிந்துபோகாமல் இருக்க, வழியில் ஒரு குண்டு பல்பை மாட்டியிருந்தார். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து அடங்கியது. நல்ல சகுனம். மீட்டர் எழுநூறைத் தாண்டிக் காட்டியது. அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், வெளிச்சம் மங்கத் தொடங்கவே எழுந்து வந்துவிட்டார். தேங்கியிருக்கும் கரண்டை வடித்துவிட, கெப்பாசிட்டர்களுக்குக் குறுக்கே ரெசிஸ்டர்கள் வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வடிந்துவிடும் என்பது கணக்கு.

மறுநாள் அவருக்கு விடுமுறை. மதியம் மேஜைக்குப் போனவர், தொடுவதற்கு முன்னால் வழக்கம்போல் மீட்டரை வைத்துப் பார்த்தார். முந்நூறுக்கு மேல் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று சுவர் பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. ரெசிஸ்டரின் ஒரு காலில் ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருந்ததே தவிர ஒட்டவில்லை. இரவெல்லாம் கரண்ட் அங்கேயே இருந்திருக்கிறது. கட்டையில் கட்டிய ரெசிஸ்டரால் அதை வடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேஜையைக் கவனித்தார். தூசி இல்லை. தகட்டின் ஓரமெல்லாம் சுத்தமாக மின்னியது.

சமையலறையில் நின்றிருந்த மனைவியிடம் போய், மெதுவாகக் கேட்டார்.

"காலையில அந்த மேஜையைத் துடைச்சியா?"

"ஆமா. ஒரே தூசி."

"பெட்டியையும் சேர்த்தா?"

"மேலாப்புல ஓரத்தைத் துடைச்சேன். உள்ள கை விடலை. ஏன், ஏதாவது கழண்டுபோச்சா?"

"ஈரத்துணியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். காய்ந்த துணிதான் என்றாள். அவர் விஷயத்தைச் சொன்னார். மறைத்துவைக்க அவரால் முடியவில்லை, முகம்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டதே. அவள், எத்தனையோ வியாதிக்காரர்களின் ரத்தம் பட்ட ஊசி தினமும் தன் கையில்தான் இருக்கிறது, அதற்காகக் கையுறை மாட்டிக்கொள்கிறோமே தவிர வேலையை விட்டுவிடுவதில்லையே என்றாள். சொல்லிவிட்டு, அந்த அறைக் கதவை அவளே போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

அதோடு வேலை நின்றுபோனது. அவர் அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரெசிஸ்டரைச் சரிசெய்ய ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் சாவியைத் தொடும்போதெல்லாம் துணி ஒன்று தகட்டின் ஓரமாக நகர்ந்து நகர்ந்து உள்ளே போவது தெரிந்தது. லிஃப்ட் வேலையிலும் தடுமாற்றம் வந்தது. அணைத்துவிட்டேனா என்று மெயின் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். மனைவி ஒத்திகைக்குச் சின்ன ஆம்ப்ளிஃபையரையே தூக்கிக்கொண்டு போய்வந்தாள்.

மச்சான்தான் அதைக் கலைத்தான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, சோஃபாவில் சாய்ந்தபடி சொன்னான்: "மாமா, நீங்க ஏன் சிரமப்படுறீங்க? மிச்சத்தை நான் முடிச்சிடுறேன். எல்லாம் வீடியோவுல இருக்கு. ஒருத்தன் அரை மணி நேரத்துல சொல்லிக் குடுக்கிறான்."

மச்சான் வீட்டில் பல்பு மாற்றுவதற்கே ஆள் கூப்பிடுகிறவன். அவன் அந்தப் பெட்டிக்குள் கை விடுவதை ஒத்தைக்கை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். எழுந்துபோய் அப்போதே பூட்டைத் திறந்தார். ஒரு பயத்தை இன்னொரு பெரிய பயம் வந்து தள்ளிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரெசிஸ்டருக்குத் துணையாக இன்னொரு ரெசிஸ்டர் வைத்தார். கரண்ட் வடியும்வரை எரிகிற ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்தார். வால்வுகளைச் செருகியபோது ஒன்று மட்டும் உள்ளே தகதகவென்று அடுப்புக் கரி போலச் சிவந்தது. நாற்காலி பின்னால் விழ எழுந்து அணைத்தார். அதை மாற்றினார். எல்லாம் ஒழுங்காகி, அவள் முதல் தடவை கிட்டாரைச் செருகி, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் என்று சொல்ல முடியாது. அறையில் இருந்த காற்றே ஒரு முறை மூச்சு விட்டது போல இருந்தது. சமையலறையில் மூடிகள் கிணுகிணுத்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது. அவருக்கு இசை காதில் விழவில்லை. அடியில் ஓடுகிற மெல்லிய இரைச்சல் கூடுகிறதா, குறைகிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அவரும் போனார். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். போன இடத்திலெல்லாம் முதலில் சுவர் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். குழுவில் இருந்தவர்கள் அவரைக் காவல்காரர் என்று கேலி பேசினார்கள்.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய அரங்கம். மைக், சவுண்ட் மிக்ஸர் எல்லாம் அரங்கத்தாருடையவை. மத்தியானம் சத்தம் சரிபார்க்கும் நேரம். எர்த் அருமையாக இருந்தது, அவருக்கே திருப்தி. அவள் இரண்டு மூன்று இடம் வாசித்துக் காட்டினாள். மிக்ஸர்காரர் கட்டைவிரலைத் தூக்கினார். அடுத்து எடுத்த பாட்டுக்குப் பின்குரல் பாடுவதும் அவள்தான். வாசித்துக்கொண்டே முன்னால் நகர்ந்து, மைக்கின் இரும்பு வலையில் உதடு படும்படி வாயைக் கொண்டுபோனாள்.

ஆம்ப்ளிஃபையர் ஒரு தடவை உறுமியது. அவள் தலை பின்னால் போகாமல் முன்னால் போனது. முழங்கால் மடங்கியது. இடது கை கிட்டாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை தாங்கலுக்குப் போய் மைக் ஸ்டாண்டைப் பற்றியது. டிரம்ஸில் இருந்த தம்பி, அக்கா ஆட்டம் போடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகத் தட்டினான். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ஒத்தைக்கைக்கு அவள் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அவருக்கு என்ன யோசித்தோம் என்று பிறகு எவ்வளவு நினைத்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தார், அது மட்டும் தெரியும். ஆம்ப்ளிஃபையர் அடங்கியது. அவள் கிட்டாரோடு மல்லாந்து விழுந்தாள். மைக் ஸ்டாண்டும் கூடவே விழுந்தது. அதைத் தூக்க ஓடிய பாடகரைப் பார்த்து, "தொடாத" என்று ஒத்தைக்கை கத்தினார். அவர் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை.

ஸ்டாண்டை மர ஸ்டூலால் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டார். மூச்சு இருந்தது. விட்டுவிட்டு, திணறலாக, ஆனால் இருந்தது. கண் திறந்து யார் என்று தெரியாதவள் போல அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவரை உலுக்கியது போல வேறெதுவும் உலுக்கவில்லை.

தம்பி அவளோடு ஆம்புலன்ஸில் ஏறினான். ஸ்ட்ரெச்சரில் இருந்து கீழே விழுந்த செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போகப் புறப்பட்ட ஒத்தைக்கை, போகும் முன் மீட்டரை எடுத்து மைக்கில் வைத்துப் பார்த்தார். முழு கரண்ட். மிக்ஸருக்கு இழுத்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எர்த்தையும் கரண்ட் வரும் ஃபேஸையும் யாரோ மாற்றி முறுக்கியிருந்தார்கள். அரங்கத்து எலக்ட்ரீஷியன் கைகட்டி நின்றார். இத்தனை நாளும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, ஒன்றிரண்டு பேர் மட்டும் உதட்டில் சுருக்கென்றது என்று சொன்னார்கள் என்றார்.

அது உண்மையாகத்தான் இருக்கும். மரமேடையில் ரப்பர் செருப்போடு நிற்பவனுக்குக் கரண்ட் போக வழியில்லை. அவளுக்கு இருந்தது. அவள் கையில் இருந்த கம்பிகள் எர்த்தோடு அவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தன. பிளக்கைப் பிடுங்கியபோது அறுந்ததும் அந்த வழிதான். சுரண்டி, இறுக்கி, இழுத்துப் பார்த்துக் கட்டியது அவர்தான். ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். எதற்குப் பயந்து வழி அடைத்தாரோ அதற்கே வழி போட்டுக் கொடுத்தாகிவிட்டது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சிரிச்சேன் மாமா, நான் சிரிச்சுக்கிட்டே அடிச்சேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அவன் தோளில் கையை மட்டும் வைத்தார்.

இதயத் துடிப்பு சீராகிவிட்டது என்று டாக்டர் சொல்லி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார். உதடு கொப்பளித்திருந்தது. இடது கை விரல்களில் கம்பி பதிந்த கறுப்புக் கோடுகள். வீட்டுக்கு வந்த அன்றே அவர், அந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்றார். அவள் பிரிக்க வேண்டாம் என்று தலையசைத்தாள். பெட்டி வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டார். எதற்கும் அசராதவள், குளியலறைக் குழாயைத் திறக்கப் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் கதவை, விடுமுறைக்கு வந்திருந்த மகனோ அவரோ திறந்து தரவேண்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் மிஷினைப் போடச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டாள். மகன், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று அவரிடம் தனியாகக் கேட்டான். அவர் அவளிடமே கேட்டார். அவள் சொன்னாள்: "உங்களை இத்தனை வருஷம் கேலி பண்ணியிருக்கேன். இது இப்படி இருக்கும்னு தெரியாதுங்க." மறுநாளிலிருந்து ஒவ்வொரு குழாயையும் கைப்பிடியையும் அவள் தொடுவதற்கு முன்னால் அவர் தொட்டுக் காட்டினார். அதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. டாக்டரிடமும் போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் சரியானது, ஃப்ரிட்ஜ் சரியானது.

கிட்டார் மட்டும் உறையிலேயே இருந்தது. ஒத்தைக்கை பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கருவியை வாங்கிவந்தார். கிட்டாரில் அதைச் செருகினால் வயர் வேண்டாம், ஒலி காற்று வழியாகவே பெட்டிக்குப் போய்விடும். கம்பிகள் எதோடும் சேராமல் தனியாக நிற்கும். மீட்டரை வைத்து அவளுக்குக் காட்டினார். அவள் பார்த்தாள். சரி என்றாள். மேஜை மேல் வைக்கச் சொன்னாள். அது அங்கேயே கிடந்தது.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு காலை, அவளாகவே மகனுடைய அறைக்குப் போய் உறையைப் பிரித்தாள். அவர் ஓடிப்போய் வாசலில் நின்றார். பெட்டியைப் போட்டுக் கொடுத்தார், வால்வுகள் சூடேறக் காத்திருந்தார். அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கம்பிக்குச் சற்று மேலே விரலை வைத்தபடி நின்றாள். விரல் இறங்கவில்லை.

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு. கொஞ்சம் வெளியே போறீங்களா?"

"தனியா விட்டுட்டா?"

"தெருவுல நில்லுங்க. கேக்கும்."

அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்து, வீட்டுக்கு நேர் கீழே நின்றார். நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார். அப்போது மேலிருந்து ஒரு ஒற்றை ஒலி இறங்கி வந்தது. சுவர் வழியாக, கால் வழியாக. இன்னொன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல, தயங்கித் தயங்கி. கீழ்வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, வீட்டம்மாவா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலி கேட்கும்வரை ஒன்றுமில்லை. ஒலி நிற்கிற இடங்கள்தான் அவரைப் படுத்தின. ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஓரிடத்தில் நின்றது, நின்றபடியே இருந்தது. அவர் படியில் கால் வைத்தார். இரண்டிரண்டு படியாகத் தாவினார். திருப்பத்தில் ஏறும்போது மறுபடியும் கேட்டது, முன்னைவிடத் தாழ்வாக, முன்னைவிட நிதானமாக. பாதிப் படியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மேலே போகாமலும் கீழே இறங்காமலும் அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.